லினக்ஸில் கிராபிக்ஸ் கார்ட்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டுக் கணினி திருத்துகிறேன். வருகிறவர்களில் அரைவாசிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள். மிச்சப்பேர் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிற பெடியள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டவர்கள் முதல் கிழமையிலேயே திரும்பி வந்தால், பெரும்பாலும் அது கிராபிக்ஸ் கார்டால்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

கார்ட் வந்த பெட்டிக்குள் ஒரு சீடி இருந்தது. அதை லினக்ஸில் எப்படி ஓட்டுவது?

ஓட்ட வேண்டாம். அதில் இருப்பது விண்டோஸ் டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்), அதுவும் கார்ட் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்த பதிப்பு.

லினக்ஸில் டிரைவர் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் இருப்பது. கார்டை எழுப்புவது, அதன் நினைவகத்தைப் பங்கிடுவது, திரைக்குப் படம் அனுப்புவது, மின் அளவைக் கவனிப்பது எல்லாம் அதன் வேலை. மற்றத் துண்டு செயலிகளின் பக்கம் இருப்பது. ஓப்பன்ஜிஎல், வல்கன் என்று விளையாட்டும் எடிட்டரும் பேசுகிற மொழியைக் கார்டுக்கு விளங்குகிற கட்டளையாக மாற்றுவது அதுதான். ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் இந்த இரண்டாவது துண்டு மெசா என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்த) திட்டத்திலிருந்து வருகிறது. பிரையன் போல் என்பவர் 1993இல் தனியாளாகத் தொடங்கிய வேலை அது.

ஆகவே ஏஎம்டி, இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றை நிறுவியபோதே டிரைவரும் வந்துவிட்டது. என்விடியாக்காரர்தான் தனியாகப் போட வேண்டும். அதையும் நிறுவனத்தின் தளத்தில் இறக்காமல் உங்கள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள் பொதிகளை அது வைத்திருக்கும் இணைய இடம்) எடுங்கள். தளத்தில் கிடைக்கிற கோப்பை நேரே ஓட்டினால் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் அப்படி ஒன்று உள்ளே இருப்பது மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கிற பொதி மேலாளருக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்துக் கேர்னல் புதுப்பிப்பு வரும், அடுத்த நாள் காலையில் கறுப்புத் திரை. என் மேசைக்கு வருகிற கறுப்புத் திரைகளில் முக்கால்வாசி இந்த வகை.

என் கார்ட் என்னவென்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் சோதிக்க வேண்டும்?

பெட்டியை நம்பாதீர்கள். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. ஒன்று ஃபெர்மி, மற்றது கெப்ளர். இரண்டுக்கும் வேறு வேறு டிரைவர். பெட்டியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் கணினியில் பொருத்தியிருக்கிற பாகங்களின் பட்டியல் வரும். அதில் விஜிஏ என்று வருகிற வரியைப் பாருங்கள். என்விடியா என்றால் சதுர அடைப்புக்கு முன்னால் சிப்பின் உண்மையான பெயர் இருக்கும். ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே என்றால் கெப்ளர், ஜிஎம் மேக்ஸ்வெல், ஜிபி பாஸ்கல், டியூ ட்யூரிங், ஜிஏ ஆம்பியர், ஏடி என்றால் ஏடா. டிரைவர் தேர்வு முழுவதும் இந்த இரண்டு எழுத்தில்தான் தங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு கதை. ஒரு மாணவர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பார்சலில் எடுப்பித்த கார்டுடன் வந்தார். எந்த டிரைவரைப் போட்டாலும் ஏறவில்லை. எல்எஸ்பிசிஐயும் 1050 டிஐ என்றுதான் சொன்னது. பழைய கார்டின் பயாஸை (அது எழும்பும்போது ஓடுகிற உள் மென்பொருள்) மாற்றி எழுதிவிட்டால் அது அப்படிப் பொய் சொல்லும். அப்போது கைகொடுத்தது நூவோ. என்விடியா கார்டுகளுக்குக் கேர்னலோடு வருகிற திறமூல டிரைவர் அது. நூவோ பயாஸை நம்பாமல் சிப்புக்குள் பொறித்திருக்கிற அடையாள எண்ணையே நேரே வாசிக்கும். கேர்னலின் செய்திகளைக் காட்டுகிற டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் நூவோ வரிகளைத் தேடினோம். உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107 என்று வந்திருக்க வேண்டும். வந்தது ஜிஎஃப்106. அதாவது 2010ஆம் ஆண்டுக் காலத்து ஜிடிஎஸ் 450. தம்பியின் முகம் போன போக்கைச் சொல்லத் தேவையில்லை. பழைய கார்ட் வாங்கப் போகிறவர்கள் ஒரு பென்டிரைவில், நிறுவாமலே ஓடுகிற லைவ் லினக்ஸ் கொண்டுபோய் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏஎம்டி கார்டுக்கு ஒன்றும் போடத் தேவையில்லை என்கிறீர்கள். உண்மைதானா?

ஓம். கேர்னல் பக்கம் ஏஎம்டிஜிபியு என்ற டிரைவர், 2015இல் 4.2 கேர்னலோடு வந்தது. வல்கன் பக்கம் மெசாவின் ராட்வி. இதை 2016இல் தொடங்கியவர்கள் ஏஎம்டிக்கு வெளியே இருந்த டேவ் எயர்லியும் பாஸ் நியூவென்ஹயிஸனும். பிறகு ஸ்டீம் விளையாட்டுக் கடை நடத்துகிற வால்வ் நிறுவனம் ஆள் வைத்து வளர்த்தது. ஏஎம்டியே தன் சொந்தத் திறமூல வல்கன் டிரைவரை 2025இல் கைவிட்டு ராட்வியின் பக்கம் வந்துவிட்டது.

மிகப் புதிய கார்ட் என்றால் மட்டும் கவனம். கார்ட் வெளிவந்த பிறகு வந்த கேர்னலும் மெசாவும் கார்டுக்குள் ஏற்றுகிற ஃபேர்ம்வேர் பொதியும் வேண்டும். இரண்டு வருடம் பழைய டெபியன் லினக்ஸில் நேற்று வந்த கார்டைச் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று கோபித்துப் பயனில்லை.

என்விடியாவுக்கு எந்த எண் டிரைவர்? பட்டியலில் ஏழெட்டு இருக்கிறதே.

இதற்குத்தான் மேலே சிப்பின் பெயரைப் பார்க்கச் சொன்னேன்.

ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் 20 மற்றும் அதற்குப் பிந்தியவை எல்லாம் ட்யூரிங் தொடக்கம் மேலே. இவற்றுக்குப் பட்டியலில் இருக்கிற புதிய எண்ணை எடுங்கள். பெயரின் கடைசியில் ஓப்பன் என்று இருப்பதாகப் பார்த்து எடுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓப்பன் வகை மட்டுமே வேலை செய்யும்.

ஜிடிஎக்ஸ் 750, 900 வரிசை, 1000 வரிசை, அதாவது மேக்ஸ்வெல்லும் பாஸ்கலும். நம் ஊரில் இன்னும் அதிகம் ஓடுவது இவைதான். இவற்றுக்குக் கடைசி வரிசை 580. அதற்கு மேலே போகாதீர்கள். இன்னொன்று: இவற்றுக்கு ஓப்பன் வகை வேலை செய்யாது. 1050 டிஐக்கு ஓப்பன் என்று எழுதியிருப்பதைத் தெரிவு செய்துவிட்டு, டிரைவர் நிறுவப்பட்டது ஆனால் ஓடவில்லை என்று மாதம் ஒருவராவது வருகிறார்.

ஜிடி 710, ஜிடிஎக்ஸ் 600 போன்ற கெப்ளருக்கு 470. அதற்கான ஆதரவு 2024இல் முடிந்தது. ஃபெர்மிக்கு 390, அது 2022 முடிவில் நின்றது. ஜிடி 210 போன்றவற்றுக்கு 340, அது 2019ஓடு சரி. ஆதரவு நின்றது என்றால் கார்ட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. புதிய கேர்னலுக்கு ஏற்ற மாதிரி டிரைவரை யாரும் திருத்தித் தரப்போவதில்லை என்பதுதான் அர்த்தம். இந்தப் பழைய கார்டுகளுக்கு நான் நூவோவையே விட்டுவிடுகிறேன். மின்னஞ்சலும் யூடியூபும் பார்க்கிற வீட்டுக் கணினிக்கு அது போதும்.

நிறுவுவது எப்படி என்றால்: மின்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்று மெனுவிலேயே இருக்கிறது. ஃபெடோரா லினக்ஸில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து ஏகேமோட் பொதியை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மொட்யூல் (டிரைவரின் கேர்னல் துண்டு) பின்னணியில் கட்டிமுடியும்வரை ஐந்தாறு நிமிடம் பொறுத்துத்தான் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பழைய டிரைவரோடு எழும்பும்.

என்விடியாவுக்கு மட்டும் ஏன் இத்தனை கரைச்சல்?

பல வருடமாக அந்த நிறுவனம் தன் கேர்னல் டிரைவரை மூடியே வைத்திருந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கமெராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிய காட்சியைப் பார்க்காத லினக்ஸ்காரர் குறைவு. நூவோ எழுதியவர்கள் நிறுவனத்தின் உதவியில்லாமல் கார்டை நோண்டி நோண்டிக் கண்டுபிடித்துத்தான் எழுதினார்கள். ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து கையொப்பமிட்ட ஃபேர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாதபடி பூட்டும் விழுந்தது. ஆகவே 900, 1000 வரிசைக் கார்டுகள் நூவோவில் கணினி எழும்பிய வேகத்திலேயே நொண்டிக்கொண்டு கிடக்கும். முதல் கியரிலேயே கிளிநொச்சி வரைக்கும் போகிற மாதிரி.

2022 மே மாதம் நிறுவனம் தன் கேர்னல் மொட்யூலைத் திறமூலமாக வெளியிட்டது. மேலே சொன்ன ஓப்பன் வகை அதுதான். ட்யூரிங்கிலிருந்து கார்டுக்குள்ளேயே ஒரு சிறு ப்ரொசசர் இருக்கிறது. இரகசியமான வேலைகளை அதன் ஃபேர்ம்வேருக்குள் தள்ளிவிட்டதால் வெளியில் இருக்கிற துண்டைத் திறந்துவிட முடிந்தது. அந்த ஃபேர்ம்வேரை நூவோவும் பயன்படுத்தலாம். மெசாவில் என்விகே என்ற வல்கன் டிரைவரும் வளர்ந்து வருகிறது. ஆனாலும் ரெண்டருக்கும் (இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்குவது) கூடாவுக்கும் இன்றைக்கும் நிறுவனத்தின் டிரைவர்தான் வேண்டும். கூடா என்றால் கிராபிக்ஸ் கார்டில் கணக்கு வேலை செய்ய என்விடியா வைத்திருக்கிற தனி வழி.

டிரைவர் போட்டபோது ஒரு கடவுச்சொல் கேட்டது. ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்தது, பயந்து தொடர்ந்துவிட்டேன். இப்போது டிரைவர் ஓடவில்லை.

அது செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத எதையும் கேர்னலுக்குள் ஏற விடாத காவல். உங்கள் கணினியில் வைத்துக் கட்டிய மொட்யூலுக்கு உங்கள் கணினியே ஒரு சாவியால் கையொப்பம் போடுகிறது. அந்தச் சாவியை மதர்போர்ட் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கணினிக்கு முன்னால் உண்மையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். நீலத் திரை அதற்குத்தான். என்ரோல் எம்ஓகே, பிறகு கன்டினியூ, யெஸ், முதலில் கொடுத்த கடவுச்சொல், ரீபூட். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போனால் தப்பிவிடும்.

தப்பினால் டிரைவரைத் திரும்ப நிறுவுங்கள், அல்லது மோக்யூட்டில் கட்டளையால் சாவியைத் திரும்பக் கொடுங்கள். கனபேர் மதர்போர்டின் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். வீட்டுக் கணினி என்றால் நான் மறுப்பதில்லை. ஒரே மடிக்கணினியில் பிட்லாக்கர் பூட்டோடு விண்டோஸும் இருந்தால் மட்டும் வேண்டாம், மீட்புச் சாவி கேட்டு நிற்கும்.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது கறுப்புத் திரை. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் நான் அதிகம் செய்த வேலை இதுதான். இப்போது அட்டவணை போட்டு வெட்டுவதில்லை என்றாலும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டதை மறந்துவிடாதீர்கள்.

நடந்தது என்னவென்றால், புதிய கேர்னலுக்கு என்விடியா மொட்யூலைக் கட்டுகிற நடுவில் வேலை அறுந்துவிட்டது. முதலில் பழைய கேர்னலால் எழும்பிப் பாருங்கள். கணினி தொடங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் அல்லது எஸ்கேப்பைத் தட்டினால் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் முந்தைய கேர்னல் இருக்கும். அதுவும் வராவிட்டால், மெனுவில் இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் மங்கலாக எழும்பும்.

எழும்பிய பிறகு டெர்மினலில், டிபிகேஜி கட்டளையை இரட்டைக் கோடு கன்ஃபிகர், ஒற்றைக் கோடு ஏ என்ற தெரிவுகளோடு சூடோவில், அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள். பாதியில் நின்ற எல்லாப் பொதிகளையும் அது முடித்துவைக்கும். பத்தில் ஏழு முறை இதோடு சரி. சரிவராவிட்டால் என்விடியா என்று தொடங்குகிற பொதிகள் எல்லாவற்றையும் ஏபிடி பர்ஜ் கட்டளையால் முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். கேர்னல் ஹெடர்ஸ் பொதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் மொட்யூல் கட்டப்படாது.

மின்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, கணினியின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வைக்கும். டிரைவரில் கை வைக்க முன்னம் ஒருமுறை அப்படிச் சேமித்து வையுங்கள்.

மடிக்கணினியில் இன்டெலும் என்விடியாவும் இரண்டும் இருக்கின்றன. எது ஓடுகிறது?

சாதாரணமாக இன்டெல் ஓடும், என்விடியா தூங்கும். அதுதான் நல்லது, பேட்டரி நிற்கும். குறிப்பிட்ட ஒரு செயலியை மட்டும் என்விடியாவில் ஓட்ட, நோம் டெஸ்க்டொப்பில் ஐகனை வலப்பக்கம் சொடுக்கினால் பிரத்தியேகக் கார்டில் தொடங்கு என்ற பொருளில் ஒரு தெரிவு வரும். உபுண்டுவிலும் மின்டிலும் பிரைம்-செலக்ட் என்ற கட்டளையால் முழுதாக மாற்றலாம். மாற்றினால் ஒருமுறை வெளியேறி அல்லது ரீஸ்டார்ட் செய்து வர வேண்டும்.

வேலண்டா, எக்ஸ்11ஆ?

இரண்டும் திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற முறைகள், எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது. 555 டிரைவருக்கு முன்னம் என்விடியாவில் வேலண்ட் மினுங்கும், துடிக்கும். 2024இல் வந்த அந்தப் பதிப்பு, படத்தை எப்போது காட்டலாம் என்று டிரைவரும் டெஸ்க்டொப்பும் வெளிப்படையாகப் பேசிக்கொள்கிற முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எனக்கு முறைப்பாடு வந்தது குறைவு. 470, 390 காரர் எக்ஸ்11இலேயே இருங்கள்.

விண்டோஸில் கார்டின் வேகத்தையும் ஃபானையும் மாற்ற ஆஃப்டர்பேர்னர் இருந்தது. இங்கே அதற்குப் பதில் என்ன?

லாக்ட். முதலில் ஏஎம்டிக்காக மட்டும் எழுதப்பட்டது, இப்போது என்விடியாவையும் இன்டெலையும் ஓரளவுக்குக் கையாளும். மின் வரம்பு, கடிகார வேகம், ஃபான் வளைவு எல்லாம் ஒரே ஜன்னலில். பின்னணியில் ஒரு சேவையாக ஓடுவதால் நீங்கள் வைத்த அளவு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும். வேலண்டிலும் வேலை செய்யும். நிறுவிய பிறகு அந்தச் சேவையைச் செயற்படுத்த வேண்டும். அதை மறந்துவிட்டு ஜன்னல் வெறுமையாக இருக்கிறது என்பார்கள்.

ஏஎம்டியில் வேகத்தையும் வோல்டேஜையும் தொடுவதற்குக் கேர்னல் அனுமதி வேண்டும். ஏஎம்டிஜிபியுவின் பிபிஃபீச்சர்மாஸ்க் என்ற அளவுருவை மாற்றுவது பழைய முறை. லாக்ட் அதற்கு ஒரு பொத்தானே வைத்திருக்கிறது. கோர்-கண்ட்ரோலும் ஏஎம்டிக்கு நல்ல கருவிதான், ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒன்று வைத்ததை மற்றது அழிக்கும்.

பார்க்க மட்டும் என்றால் என்விடாப். பெயரில் என்வி இருந்தாலும் மூன்று நிறுவனக் கார்டையும் காட்டும். ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு-டாப், இன்டெலுக்கு இன்டெல்-ஜிபியு-டாப். விளையாட்டின் மூலையில் வேகமும் வெப்பமும் தெரிய வேண்டும் என்றால் மாங்கோஹட்.

என்விடியாவில் எந்தச் செயலியும் இல்லாமலே செய்யலாம். என்விடியா-எஸ்எம்ஐ டிரைவரோடு வருகிறது. அதற்கு ஒற்றைக் கோடு பிஎல், பிறகு வாட் எண். அவ்வளவுதான், மின் வரம்பு மாறிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் கணினி எழும்பும்போது சேவைகளைத் தொடக்குகிற சிஸ்டம்டியில் ஒரு சிறு சேவையாக எழுதி வைக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் இந்த வரம்பை மாற்ற விடாது. கூல்பிட்ஸ் என்று பழைய வழிகாட்டிகளில் வருவது எக்ஸ்11க்கு உரியது, அதில் மினக்கெட வேண்டாம்.

சரி, கார்டை எவ்வளவு ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது வேகத்தை ஏற்றலாம்?

இந்த ஊரில் என் பதில்: செய்யாதீர்கள், மற்றப் பக்கம் திருப்புங்கள்.

ஒரு சிப் இழுக்கிற மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகக் கூடும், ஆனால் வோல்டேஜோடு வர்க்கமாகக் கூடும். வேகம் கூட வேண்டுமென்றால் வோல்டேஜும் கூட வேண்டும். ஆகவே கடைசியாகக் கிடைக்கிற கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிக வாட் போகிறது. தொழிற்சாலையிலிருந்து வருகிற கார்டுகள், விமர்சனத்தில் ஒரு வரி கூட வர வேண்டும் என்பதற்காக ஏற்கனவே அந்த மேட்டின் உச்சியில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் வெப்பம் நன்றாகக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும்.

எனக்கு இது விளங்கியது ஒரு யூபிஎஸ்ஸால். ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டிருந்தேன், 170 வாட் கார்ட். கரண்ட் போனால் யூபிஎஸ் கை கொடுக்கும் என்று நிம்மதியாக ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கரண்ட் போனது, யூபிஎஸ் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுத் தானும் அணைந்தது. 650 விஏ என்று பெரிய எழுத்தில் இருந்தது, 360 வாட் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில். கார்டும் ப்ரொசசரும் திரையும் சேர்ந்து அதன் விளிம்பில் நின்றிருக்கின்றன. அன்றிரவே கார்டை 130 வாட்டுக்கு இறக்கினேன். ரெண்டர் சற்றுப் பிந்தியது, ஆனால் அடுத்த மின்வெட்டில் கோப்பைச் சேமித்துக் கணினியை ஆறுதலாக அணைக்க நேரம் கிடைத்தது. அதன் பிறகு ஏற்றவில்லை.

செய்கிற முறை: என்விடியா-எஸ்எம்ஐயில் ஒற்றைக் கோடு கியூ, பிறகு ஒற்றைக் கோடு டி பவர் என்று தட்டினால் உங்கள் கார்ட் ஏற்கிற ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வாட் தெரியும். இருப்பதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். உங்கள் வேலையையே ஓட்டிப் பாருங்கள், பெஞ்ச்மார்க் வேண்டாம். வேகம் போதுமென்றால் இன்னும் இறக்குங்கள்.

ஏஎம்டியில் வோல்டேஜையும் இறக்கலாம். ஆர்எக்ஸ் 580 போன்ற போலாரிஸ் கார்டுகளில் ஒவ்வொரு வேகப் படிக்கும் தனித்தனி வோல்டேஜ் எழுதலாம். ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து மொத்தமாக இத்தனை மில்லிவோல்ட் கழி என்று மட்டும்தான் சொல்லலாம். பத்துப் பத்தாக, அதிகம் போனால் இருபத்தைந்தாக இறக்குங்கள். அதிகம் இறக்கினால் கார்டுக்குச் சேதமில்லை, கணினி உறையும், அவ்வளவுதான். உறைந்தால் முந்தைய அளவுக்குப் போய் இன்னும் ஒரு படி மேலே வையுங்கள். பகல் இரண்டு மணி வெயிலிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு நின்ற அளவு பகலில் நிற்காமல் போகும்.

எத்தனை பாகை வரைக்கும் பயமில்லை?

கனமான வேலையில் 75இலிருந்து 80க்குள் நின்றால் தூங்குங்கள். பல ஜீஃபோர்ஸ் கார்டுகள் 83க்குக் கிட்ட வந்ததும் தாங்களே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5000 தொடக்கம் வந்த கார்டுகளில் ஜங்ஷன் என்று ஒரு தனி எண் தெரியும். அது சிப்பின் ஆகச் சூடான புள்ளி. அதற்கு நிறுவனம் சொல்கிற எல்லை 110. ஆகவே அதில் 95ஐப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்.

வெளிநாட்டு விமர்சனத்தில் 68 என்று இருந்தது, எனக்கு 79 வருகிறதே என்றும் கேட்கிறார்கள். கார்ட் அறையின் காற்றால்தான் குளிர்கிறது. அவர்களின் அறை இருபது சொச்சம் பாகை. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அறை முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அந்த வித்தியாசம் அப்படியே கார்டிலும் ஏறும்.

அதைவிட எங்கள் எதிரி புழுதி. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் இணுவில், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் ஹீட்சிங்கின் இதழ்களுக்கிடையில் கம்பளி மாதிரிப் படியும். குருநகர், நாவாந்துறைக் கரையிலிருந்து வருகிற கணினிகளில் புழுதியோடு உப்பும் சேர்ந்து திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். ஆறு மாதத்துக்கொருக்கால் தூரிகையாலும் காற்றாலும் துப்புரவாக்குங்கள். காற்றடிக்கும்போது ஃபானின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறுமனே சுழல விட்டால் பேரிங் போகும். இதைச் செய்யாமல் லாக்டில் ஃபான் வளைவு வரைந்து பிரயோசனமில்லை.

ஃபான் சுற்றவேயில்லை என்று பதறி வருகிறவர்களுக்கு: பல கார்டுகளில் ஐம்பது, அறுபது பாகை வரைக்கும் ஃபான் வேண்டுமென்றே நின்றிருக்கும். ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

மலிவாக ஓர் ஆர்எக்ஸ் 580 வருகிறது. மைனிங் கார்ட் என்கிறார்கள். வாங்கலாமா?

2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் என்ற மின்னாணயம் மைனிங்கை (கார்டுகளால் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவதை) நிறுத்தியதும் உலகமெங்கும் இந்தக் கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். பெரும்பாலும் குறைந்த வோல்டேஜில் ஓடியவை, சிப் நன்றாக இருக்கும். களைத்திருப்பவை ஃபானும் நினைவகமும்.

மூன்று விடயம் பாருங்கள். ஏஎம்டிஜிபியு-டாப்பில் கணிப்பு அலகு 36 இருக்க வேண்டும், 32 என்றால் அது 2048எஸ்பி என்கிற குறைத்த வகை, 570இன் விலைதான் அதற்கு நியாயம். பயாஸ் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கார்டின் விளிம்பில் சிறு ஆளி இருந்தால் மற்றப் பக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸால் எழும்பும். கடைசியாக மெம்டெஸ்ட்-வல்கன் என்ற கருவியைச் சில நிமிடம் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் காசைத் திரும்ப வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் வேலைக்கு இதை வாங்காதீர்கள். கார்டில் கணக்குச் செய்கிற பழைய ஓப்பன்சிஎல் முறையை பிளெண்டர் 3.0 விட்டுவிட்டது, புதிய ஹிப் முறை போலாரிஸை ஏற்காது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் முழுவதும் ப்ரொசசரின் தலையில் விழும், கார்ட் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாண வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் போட்டேன். கமெராக் கோப்பு திறக்கவில்லை. டிரைவர் பிழையா?

இல்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. நம் பெடியளின் கமெராக்கள் தருவது இவை இரண்டையும்தான். டிரைவரை மாற்றி மாற்றி மூன்று நாள் மினக்கெட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி கொண்டு டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றினால் திறக்கும், ஆனால் கோப்பு பல மடங்கு வீங்கும். முழுநாள் சாமத்தியவீட்டுக்கு ஹார்ட் டிஸ்க் கணக்கு இப்போதே போட்டு வையுங்கள். காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்குவது ஒரு வழி. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர் போதும் என்றால் இன்னும் நல்லது, அது அந்தக் கோப்புகளை அப்படியே திறக்கும், ஏற்றுமதிக்கு, கார்டிலேயே வீடியோவைச் சுருக்குகிற முறைகளான என்விடியாவின் என்வென்க்கையும் ஏஎம்டி, இன்டெலின் வாப்பியையும் பயன்படுத்தும்.

பப்ஜி, வலரண்ட் ஓடுமா?

ஓடாது. டிரைவரில் குறையில்லை, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை விடாது. மற்றப்படி ஸ்டீமில் இருக்கிற பல விளையாட்டுகள், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டானால் ஓடும்.

வீட்டில் டேட்டா குறைவு. டிரைவர் சில நூறு எம்பி என்கிறது. ஒருமுறை இறக்கியதை மற்றக் கணினியிலும் போடலாமா?

போடலாம், இரண்டிலும் ஒரே லினக்ஸின் ஒரே பதிப்பு இருந்தால். ஏபிடி-கெட் கட்டளையால் நிறுவினால், இறக்கிய பொதிகள் வார் அடைவுக்குள் கேஷ், அதற்குள் ஏபிடி, அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். முதல் கணினியில் நிறுவிய கையோடு, யாரும் துப்புரவுக் கட்டளை கொடுக்க முன்னம், அந்த அடைவை அப்படியே பென்டிரைவில் எடுங்கள். மற்றக் கணினியில் அதே இடத்தில் போட்டுவிட்டு வழமைபோல நிறுவினால், இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் இறக்கும். இரண்டு கணினியிலும் கேர்னல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று யூநேம், ஒற்றைக் கோடு ஆர் தட்டிப் பாருங்கள். வித்தியாசமாக இருந்தால் ஹெடர்ஸ் பொதியை மட்டும் தனியாக இறக்க வேண்டி வரும். பென்டிரைவ் இல்லாதவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வாருங்கள், என் மேசையில் 580 டிரைவரின் பிரதி ஒன்று எப்போதும் இருக்கும்.